எரிவதற்கென்று ஒரு பெஞ்சு

வீடு எரியக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொள்ளும்போது, வீட்டை எரித்துச் சம்பளம் வாங்கும் ஒரே மனுஷி அவள். தெருவில் அவளுக்குப் பேரே கொள்ளிக்காரி. காட்டுத்தீயை ஆராயும் கூடத்தில் வேலை. முழுசாக ஒரு வீட்டை நிறுத்தி, திரைச்சீலை தொங்கவிட்டு, மெத்தை போட்டு, வாசலில் செருப்புகூட வைப்பாள். பிறகு ராட்சத விசிறியை முடுக்கி, அந்த வீட்டின் மேல் நெருப்புக் கங்குகளைப் பறக்கவிடுவாள். காட்டுத்தீ நேராக வந்துதான் வீட்டைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால் அவளுக்கு எரிச்சல் வந்துவிடும். காற்றில் வரும் ஒரு கங்கு சுவரோரம் எதிலாவது உட்கார்ந்தால் போதும், வீடு போச்சு. அது எரிகிற எரிப்பில் பக்கத்து வீடும் போச்சு.

இவ்வளவு தெரிந்தவள் வீட்டில், காட்டைப் பார்த்த பக்கம், மகள் தூங்கும் அறை ஜன்னலுக்கு நேர்கீழே, சுவரோடு ஒட்டி ஒரு மரப்பெஞ்சு. புருஷன் தன் கையால் செய்தது. தபால்காரரான அவருக்கு அது சிம்மாசனம்.

"கொஞ்சம் தள்ளிப் போடுங்களேன். பிள்ளை படுக்கிற இடம்."

"ஆபீஸ் பேச்சை ஆபீஸ்லயே விட்டுட்டு வா."

கோடைக்குக் கோடை இதே கச்சேரி. காடு காயக் காய அவள் பெஞ்சுக்கடியில் சேரும் சருகைப் பெருக்கித் தள்ளுவாள். அவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் அவள் சண்டை போடவில்லை. "எங்க ஆபீஸுக்கு இதே மாதிரி ஒரு பெஞ்சு வேணுமாம்" என்றாள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. விஞ்ஞானிகள் உட்காரப் போகிறார்களே என்று இழைத்தார், தேய்த்தார், மெருகுக்கு மேல் மெருகு போட்டார். எதற்கென்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பார்க்க வரச் சொன்ன அன்று இஸ்திரி போட்ட சட்டையில் போனார். தடுப்புக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவருடைய பெஞ்சு ஒரு ஜன்னலுக்குக் கீழே இருந்தது. விசிறி சுழன்றது. ஒரு கங்கு பெஞ்சின் இடுக்கில் போய் உட்கார்ந்தது.

"அடிப்பாவி, என் பெஞ்சு!"

புகைந்தது, எரிந்தது. ஜன்னல் கண்ணாடி படாரென்று வெடித்தது. திரைச்சீலை பிடித்தது, அப்புறம் உள்ளே இருந்த கட்டில். அதில் வெறும் மெத்தைதான். ஆனாலும் அவர் வாயில் வந்தது மகளின் செல்லப் பேர்.

ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீடு வந்ததும் சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள், சிம்மாசனத்தைத் தரதரவென்று இழுத்து வெட்டவெளியில் போட்டுவிட்டார். அத்தோடு விட்டாரா? மறுநாளிலிருந்து தபாலோடு வீட்டுக்கு வீடு பிரசங்கம். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவும் தப்பவில்லை.

"சுவரோட ஒட்டி விறகை அடுக்கியிருக்கீங்களே! கங்கு விழுந்தா உங்க வீடு மட்டுமா, எங்க வீடும் சேர்ந்துல்ல போகும்!"

"உங்க வீட்டம்மா சொன்னாங்களா?"

"அவளுக்கென்ன தெரியும்? நானே கண்ணால பார்த்தேன்."

ஜன்னலோரம் நின்று கேட்டவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கேட்டுவிடுவது என்றுதான் வெளியே வந்தாள். அதற்குள் தையல்காரம்மா சுவரோரத்திலிருந்து முதல் கட்டையைத் தூக்கியிருந்தார். அவள் வாயை மூடிக்கொண்டு இரண்டாவது கட்டையைத் தூக்கினாள்.