பதினோரு தாமதங்கள்

"கல்யாணம் ஆனப்புறம் ஹஸ்பெண்டோட சேர்ந்து அப்ளை பண்ணுங்க மேடம், லோன் ஈஸியா கிடைக்கும்" என்று ஆழ்வார்பேட்டை வங்கியின் கடன் அதிகாரி மதிவாணன் சொன்னதும் ஹம்சாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பத்து நான்கு வயது, அடையாறில் பிசியோதெரபிஸ்ட். கொட்டிவாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குக் கடன் கேட்டால் கணவனைத் தேடிப் பிடித்து வரவேண்டுமாம்!

"லோன் எனக்கா, வரப்போற மாப்பிள்ளைக்கா சார்?"

மதிவாணன் அசடு வழிந்தார். "உங்க படிப்புக் கடன் இன்னும் இருக்கிறது தப்பில்ல. சம்பளம் ரெண்டு தவணையையும் தாங்கும். ஆனா தவணை பதினோரு தடவை லேட். கிரெடிட் ஸ்கோர் அடி வாங்கியிருக்கு."

லேட்டா? முப்பதாம் தேதிக் கெடுவுக்கு, இருபத்தெட்டாம் தேதியே அப்பா கையில் பணத்தைக் கொடுத்துவிடுகிறவள் அவள். கெடு நாளன்று கவுன்ட்டரில் நேரில் கட்டி முத்திரை வாங்கினால்தான் அப்பா சங்கரனுக்குத் திருப்தி.

மயிலாப்பூர் வீட்டுக்கு வந்து கேட்டபோது அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பதாம் தேதி வெள்ளிக்கிழமையா வந்துட்டா எப்படிம்மா ஆத்துலேர்ந்து பணத்தை வெளியில குடுக்கறது? செவ்வாயும் அப்படித்தான். மறுநாள் காலம்பற மொத ஆளா போய்க் கட்டிடுவேனே! மகாலட்சுமி போயிடக் கூடாதேன்னுதான்..."

"நன்னா இருக்குப்பா! அவளை உள்ளே பூட்டி வெச்சுண்டு என் வீட்டை வெளியில அனுப்பிட்டேள்!"

தன் டெபாசிட்டை உடைத்துப் பழைய கடனை அடைத்துவிடுவதாக அவர் முனகினார்.

"அதைத் தொடாதேள். என் படிப்பு, நான்தான் கட்டுவேன்."

மறுநாள் பதினோரு ரசீதுகளையும் மதிவாணன் மேசையில் பரப்பினாள். எல்லாம் புதனும் சனியும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்லயும் இதே கூத்துதான். ஆனா சிஸ்டத்துக்கு வெள்ளிக்கிழமை தெரியாதே மேடம். மேனேஜருக்கு விளக்கம் எழுதிக் குடுங்க. கிடைச்சாலும் கேட்டதுல மூணு லட்சம் குறையும்."

"குறையட்டும். ஞாயித்துக்கிழமையும் வீடு வீடா போய் ட்ரீட்மென்ட் பண்ணி அதைச் சேர்த்துப்பேன்."

தாமதத்துக்குத் தானே பொறுப்பு என்றும், இனி தவணை தன் சம்பளக் கணக்கிலிருந்து நேராகப் போகும் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"அப்பா பண்ணினதுன்னு எழுதுங்க, மேனேஜர் இரக்கப்படுவார்."

"இரக்கம் வேண்டாம் சார், கடன் போதும்."

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மூன்று லட்சம் குறைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். விண்ணப்பதாரர், ஹம்சா. துணை விண்ணப்பதாரர் என்ற கட்டத்தில் வெறும் கோடு. அந்தக் கோட்டைத்தான் அவள் முதலில் அப்பாவிடம் காட்டினாள்.