லெஃப்ட் கார்னர்காரியின் முட்டி

கபடியில் உடம்பை அதிகம் கெடுக்கும் இடம் எது என்ற சண்டை எங்கள் வீட்டில் கல்யாணமான வருஷத்திலிருந்து நடக்கிறது. நான் ஒரு காலத்தில் பாகூர்ப் பெண்கள் அணியில் லெஃப்ட் கார்னர். ஓரத்தில் பதுங்கி நின்று, பாடி வருபவளின் காலைப் பாய்ந்து பிடிப்பது என் வேலை. வீட்டுக்காரர் ஏம்பலத்தில் ரைடர். பாடிக்கொண்டே போய் எதிரணியைத் தொட்டுவிட்டு ஓடி வருபவர்.

"ஏழு பேரு மேல வுழறாங்க. அதுக்கு மேல இன்னா வேணும்?" என்பார் அவர். விழுந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள், முட்டி போனால் போனதுதான் என்பேன் நான்.

அவருக்குத் தோள் இறங்கியிருக்கிறது. பரணில் இருக்கும் பெட்டியை எடுக்கச் சொன்னால் காது கேட்காதவர் மாதிரி இருப்பார். எனக்கு இடது முட்டியில் ஜவ்வு கிழிந்து, மாடிப்படியைக் கண்டாலே எரிச்சல் வரும். அரியூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்கு பிசியோதெரபிக்காக இரண்டு பேரும் ஒரே வண்டியில் போவோம். அங்கிருந்த டாக்டரம்மாவிடமே ஒருநாள் அவர் தீர்ப்பு கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் சும்மா வூட்ல இருந்திருக்கலாம்" என்றார் அந்தம்மா. அது யாருக்குச் சாதகமான தீர்ப்பு என்று வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு வந்தோம்.

இந்த லட்சணத்தில், பத்தாவது படிக்கும் எங்கள் மகள் ஊர்க் கபடி டீமில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். எந்த இடத்தில் ஆடுவது என்று கேட்டாள். "ரைடரா போடி" என்றேன் நான். "கார்னர்ல நில்லுமா" என்றார் அவர். இத்தனை வருஷச் சண்டையில் அன்றைக்குத்தான், தான் ஆடிய இடம் மகளுக்கு வேண்டாம் என்று இருவரும் ஒரே கட்சியானோம். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்தான் வந்தது.

கோச் அவளைக் கார்னரிலேயே நிறுத்தினார். என் மகள் என்பதுதான் அதற்குக் காரணம். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "தேவையில்லாம கால்ல பாயக் கூடாது. முட்டில அடின்னு வந்து நின்னே, அன்னியோட கபடி கட்."

"சரிம்மா, சத்தியமா" என்று என் தலையில் கை வைத்தாள்.

பொங்கலுக்கு மேட்ச். அறுப்பு முடிந்த நிலத்தைச் சமன் செய்து, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். சுத்துக்கேணிப் பெண்கள் எதிரணி. கடைசி ரைடு வந்தபோது நாங்கள் ஒரு பாயின்ட் முன்னால் இருந்தோம். யாரும் எதுவும் செய்ய வேண்டாம். வருபவளிடம் தொடு வாங்காமல் தள்ளி நின்றால் போதும், ஜெயித்தாயிற்று. கோச் வெளியிலிருந்து "நில்லு, நில்லு" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் பாடிக்கொண்டே வந்து, கயிற்றுக்கு வெளியே நான் நின்ற ஓரம் திரும்பினாள். அவள் வலது கால் என் மகளுக்கு முன்னால் நீண்டது. கார்னரில் நின்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும், அப்படி ஒரு கால் வந்தால் கை என்ன பாடுபடும் என்று. வெற்றி, தோல்வி, பெற்ற பிள்ளை ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.

"புட்றீ!" என்று கத்திவிட்டேன்.

பாய்ந்துவிட்டாள். கணுக்காலைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். மற்றவர்கள் வந்து மேலே விழுந்தார்கள். விசில் அடித்தது. ஊரே துள்ளியது, நானும் முட்டியை மறந்து துள்ளினேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் அவள் பிறந்தபோதுகூட இருந்ததில்லை.

எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. நான் கயிற்றைத் தாண்டி ஓடுவதற்குள் கோச் போய்விட்டார். "லீடுல இருக்கறப்ப எவடி உன்ன புடிக்கச் சொன்னது?" என்று அவர் கத்துவது எனக்குக் கேட்டது.

அவள் அவரைத் தாண்டி என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"யாரும் சொல்லல சார். கால் வந்துச்சு, நானேதான் புட்சேன்."

நான்தான் சொன்னேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலை மடியில் எடுத்து வைத்தேன்.

"கபடி கட்டாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் முட்டி என் கைக்குள்ளேயே வீங்கிக்கொண்டிருந்தது.