ஹாரன் அக்காவின் மாடி அறை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிற அந்த அம்மாளை ஊரே ஹாரன் அக்கா என்றுதான் கூப்பிடும். தொண்டை அப்படி. கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திட்டினாலும் எதிரே வருகிற லாரிக்காரர் ஒதுங்கிப் போவார். ஞாயிற்றுக்கிழமை அதே தொண்டை ஆலயத்தில் முழங்கும். வயிற்றில் உருவாகும் உயிர் கர்த்தர் கொடுத்தது, அதைக் கலைக்க நாம் யார் என்று பெண்கள் கூட்டத்தில் ஆரம்பித்தால் போதகரே நெளிவார். சும்மா சொல்லக் கூடாது, பேசியதையெல்லாம் அவள் மனதார நம்பினாள். செய்து பார்க்கத்தான் வாய்ப்பு வரவில்லை.

வந்த வாய்ப்பு அவள் பக்கத்திலேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பெண், வண்டி ஓட்டப் பழக வந்தவள். பாலத்து வளைவில் வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தாள்.

“கிளட்ச்சை அப்படி வெடுக்குனு விட்டா எனக்கே குமட்டுது, உனக்கு வராம இருக்குமா?” என்றாள் அக்கா.

மறுநாளும் அதே கதை. அக்கா கிளட்ச் சரியில்லை என்று முடிவுகட்டி மெக்கானிக்கிடம் சண்டைக்குப் போனாள். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டியில ஒரு கோளாறும் இல்லக்கா” என்றபோதுதான் அவளுக்கு உறைத்தது.

கேட்டதும் பெண் உடைந்து அழுதாள். காரணமானவன் போனை எடுப்பதில்லை. விடுதியில் தெரிந்தால் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் தலைமுழுகிவிடுவாள். அக்கா வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள். அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “பிறக்குற வரைக்கும் நீங்க பேசுவீங்கக்கா. பிறந்த அப்புறம் யாரு இருப்பா?”

 அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று பார்த்தால் தன் மேல்தான். இத்தனை கூட்டத்தில் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே!

வீட்டுக்குப் போய் மாடி அறையைத் திறந்தாள். பழைய டயர், துருப்பிடித்த பெயர்ப்பலகை, உடைந்த பம்பர். எல்லாவற்றையும் இறக்கிப் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு பெண்ணிடம் சொன்னாள்: “அறை ஒண்ணு இருக்கு. பிறந்த அப்புறமும் இருக்கும். நானும் இருப்பேன். முடிவு உன்னோடது, நான் ஜெபம் மட்டும் பண்றேன்.” இவ்வளவு மெதுவாக அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

சில நாள் கழித்து அந்தப் பெண் பையோடு வாசலில் வந்து நின்றாள். “பெத்துக்கிறேன்கா” என்றாள். அம்மாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாள். கேட்டதும் அம்மா போனை வைத்துவிட்டாளாம்.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அக்கா எழுந்து நின்று போட்டு உடைத்தாள். “என் வீட்டுல ஒரு பொண்ணு மாசமா இருக்கா. அவளைப் பத்தி ஏதாவது கேக்கணும்னா பாத்திரத்துல சாப்பாடோட வந்து கேளுங்க.” வந்தார்களே! வம்பு கேட்க வந்தவர்கள் சூப்போடு வந்தார்கள். ஆளுக்கொரு சூப். வம்பு தீர்ந்த பிறகும் சூப் தீரவில்லை. மசக்கை போன பிள்ளைத்தாய்ச்சி சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. முதலில் தூக்கியது அக்காதான். அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வார்டுக் குழந்தைகளும் அழுதன. இவ்வளவு சந்தோஷத்திலும் அந்தப் பெண்ணின் கண் அடிக்கடி கதவுப் பக்கம் போனது. அம்மா வரவில்லை.

ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்ததும், மனசு கேட்காமல் அந்தப் பெண் அம்மாவுக்குத் தகவல் அனுப்பினாள். அன்றைக்குப் போதகர், “குழந்தைக்கு ரெண்டாவது அம்மாவா, ஞானத்தாயா நிக்கிறவங்க முன்னாடி வாங்க” என்றார். அக்கா எழுந்தாள். கூடவே சூப் கொடுத்த அத்தனை பெண்களும் எழுந்தார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. போதகர் தன் தலையிலேயே கைவைத்துக்கொண்டார். அப்போது கடைசி பெஞ்சில் இன்னொருத்தியும் எழுந்தாள்.

“நீங்களும் ஞானத்தாயாம்மா?” என்றார் போதகர் சலிப்போடு.

“இல்லைங்க. நான் இவளைப் பெத்தவ.” “பேத்தியை ஒரு தடவை கையில வாங்கிக்கலாமா?”

முன்வரிசை மொத்தமும் அப்படியே உட்கார்ந்துவிட்டது, அக்கா உட்பட. குழந்தையோடு அந்தப் பெண் கடைசி பெஞ்சை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். பாதி வழியில் அது ஓட்டமாகிவிட்டது.