பள்ளி வேனில் ஒட்டிய போல்ட்

சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் சாலிஹின் கராஜுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தேவையும் இல்லை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் பழைய வாகனம் வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். கடற்காற்று இரும்பைச் சும்மா விடுமா? எஞ்சினில் இருக்கிற போல்ட்டெல்லாம் துருப்பிடித்து இறுகிப்போயிருக்கும். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டால் தலை முறிந்து கையோடு வந்துவிடும், உடம்பு உள்ளே மாட்டிக்கொள்ளும். மற்றவர்கள் அப்படி முறித்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு கொண்டுவருவதைத்தான் சாலிஹ் எடுத்துக் கொடுப்பார். முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் பிடித்து, சூடு ஆறும் முன்னே மெல்ல மெல்ல முன்னும் பின்னுமாய்த் திருப்பிக் கழற்றி, மரையைச் சுத்தம் பண்ணிப் புது போல்ட் போடுவார். அவருடைய கையில் மட்டும் போல்ட் முறியாது என்று ஊரே சொல்லும். அவரும் அதை மறுத்துச் சொன்னதில்லை. புகழ் யாருக்குத்தான் கசக்கும்!

ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஒரு பழைய டீசல் வேன் இருந்தது. ஆசுபத்திரிகளில் மௌத்தாகிறவர்களின் உடலை, ஜனாஸாவை, அடக்கத்துக்கு ஊருக்குக் கொண்டுவருகிற வேன். அதன் வேலை எதுவாக இருந்தாலும் அல்லாஹ்வுக்காகச் சும்மா செய்து தருவதாக சாலிஹ் ஏற்றுக்கொண்டிருந்தார். பள்ளித் தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார் அதை ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியிலும் சொல்லிவிட்டார். அன்றைக்கு சாலிஹ் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

அந்த வேனை டிரைவர் ஆதம்பாவா ஒரு செவ்வாய்க்கிழமை கொண்டுவந்து விட்டான். தண்ணீர்ப் பம்ப்பின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. என்ன செய்ய வேண்டும் என்று சாலிஹுக்குப் பார்த்ததுமே தெரியும். பம்ப்பைக் கழற்ற வேண்டும், அதைப் பிடித்திருக்கிற மூன்று போல்ட்டையும் சூடு காட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அரை நாள் வேலை. அன்றைக்கென்று பார்த்து அறுகம்பைக்குச் சுற்றுலாக்காரரை ஏற்றுகிற ஒரு ஜீப் பக்கத்தில் காத்துக்கிடந்தது. அது கூலி வேலை. இது ஓசி வேலைதானே, ஒரு இறுக்கு இறுக்கிவிட்டால் ஒழுக்கு நின்றுவிடும் என்று மனுசன் நினைத்தார். ஸ்பேனரின் வாலில் ஒரு குழாயைச் செருகிக்கொண்டு இழுத்தார்.

டக்கென்று ஒரு சத்தம். போல்ட்டின் தலை முறிந்து மடியில் விழுந்தது.

சாலிஹ் முதலில் செய்தது என்ன தெரியுமா? எட்டி வீதியைப் பார்த்தார். ஆதம்பாவா தேத்தண்ணிக் கடைக்குப் போயிருந்தான். ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்காவிட்டாலும் காது இரண்டும் சுட்டது. சாலிஹின் கையிலேயே முறிந்துவிட்டது என்று நாளைக்குத் தேத்தண்ணிக் கடையில் கதைப்பார்களே! அந்தத் தலையை எடுத்துத் துடைத்தார், இரும்பு ஒட்டுகிற பசையைக் குழைத்துத் தடவி, இருந்த இடத்திலேயே ஒட்டினார். சுற்றி வர கிரீஸ் பூசினார். பார்ப்பதற்கு மூன்று போல்ட்டும் சேமமாக இருந்தன. வெள்ளிக்கிழமை கராஜ் பூட்டு, அன்றைக்கு ஆறுதலாகக் கழற்றிச் சரியாகச் செய்துவிடுவோம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

“சரியா காக்கா?” என்று ஆதம்பாவா வந்து கேட்டான். சாலிஹை அண்ணன் முறை வைத்துத்தான் அவன் கூப்பிடுவான்.

“ஓம், எடுத்துட்டுப் போ.”

வெள்ளிக்கிழமை வருமட்டும் மௌத்து காத்திருக்குமா? வியாழக்கிழமை காலை அம்பாறை ஆசுபத்திரியில் ஆசியத்தும்மா மௌத்தானார். சாலிஹின் தெருவிலேயே இருந்தவர். பகல் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு அடக்குவதென்று பள்ளியில் அறிவித்தார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது, வேனைக் காணவில்லை. பிறகுதான் சாலிஹின் ஃபோன் அடித்தது. மாவடிப்பள்ளிக்குக் கிட்ட, வயல் வட்டைக்கு நடுவில், எஞ்சின் கொதித்து வேன் நின்றுவிட்டதாம்.

சாமான் பெட்டியைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் பறந்தார். அங்கே உச்சி வெயில். ரோட்டோரம் முழுக்க நெல் மூட்டைகள் இறக்கிக் கிடந்தன. காரைதீவுக் கந்தப்போடி, வெட்டிய நெல்லை ஏற்றிக்கொண்டு போன மனுசன், தன்னுடைய டிராக்டர்ப் பெட்டியை வெறுமையாக்கிப் தார்ப்பாய்ப் படங்கு விரித்துக்கொண்டிருந்தார்.

“நெல்லு கிடக்கட்டும் தம்பி, பிறகு வந்து ஏத்துவன். அம்மாவ வெயில்ல வெச்சிருக்காதீங்க. தூக்குங்க,” என்றார் அவர்.

ஆசியத்தும்மாவின் மக்கள் உம்மாவைத் தூக்கி, வைக்கோலும் தூசியுமாய் இருந்த அந்தப் பெட்டியில் வைத்தார்கள். மூத்த மகன் கண்ணைத் துடைத்துவிட்டு ஆதம்பாவாவின் சட்டையைப் பிடித்தான்.

“தண்ணி பாக்காமயாடா மையித்து ஏத்த வந்த? எங்கட உம்மாவ நெல்லுப் பெட்டில கொண்டு போக வெச்சிட்டியே!”

“அல்லாஹ் மேல சத்தியமா விடியச் சுபஹுக்கே ஊத்தினன் மச்சான்!” என்றான் ஆதம்பாவா. “ஊத்தினா எங்க போன தண்ணி?” என்று உலுக்கினான் மகன்.

தண்ணீர் எங்கே போனது என்று சாலிஹுக்குப் பொனட்டைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஒட்டின தலை வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஆதம்பாவா அவரைப் பார்த்தான், ஒரு சொல் சொல்ல மாட்டாரா என்று. சாலிஹ் பொனட்டுக்குள் தலையைக் குனிந்துகொண்டார். டிராக்டர் கிறுகித் திரும்பி ஊர்ப் பக்கம் போகிற சத்தம் கேட்கும் வரைக்கும் நிமிரவில்லை.

வேனைக் கட்டி இழுத்துக் கராஜுக்குக் கொண்டுவந்தார்கள். அடக்கத்துக்குப் போய்வந்த கையோடு சாலிஹ் தகரக் கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நட்டை வைத்துப் பற்றவைத்துத் திருப்பினார். முறிந்த துண்டு அடம்பிடிக்காமல் வந்துவிட்டது. இவ்வளவுதானா! இந்த வேலைக்குச் சோம்பிப் பஞ்சிப்பட்டுத்தானா அந்த மனுசியின் ஜனாஸாவை வெயிலில் போட்டேன் என்று நினைத்தபோது தன் முகத்தில் தானே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. கூலி வேலையென்றால் இப்படிச் செய்திருப்பேனா என்று கேட்டுப் பார்த்தார். மாட்டார். அது இன்னும் கேவலமாக இருந்தது. மூன்று போல்ட்டையும் புதிதாகப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிக் காரியாலயத்தில் ஆதம்பாவாவைக் கூப்பிட்டு, இனி வேலை இல்லை என்று வேன் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். அவன் சாவியை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான். அங்கே நின்ற சாலிஹுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அவன்ட பிழை இல்ல ஹாஜியார். நான்தான். என்ட கையால போல்ட்ட முறிச்சுப் போட்டுப் பசையால ஒட்டி அனுப்பின.”

ஸமட் ஹாஜியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். “ஒங்கட கையில போல்ட் முறியிறதா? சும்மா இரிங்க சாலிஹ்.”

“வல்லாஹி! வந்து பாருங்க.”

கராஜுக்கு வந்து பார்த்தார்கள். பொனட்டைத் திறந்தால் புத்தம் புது போல்ட் மூன்றும் பளபளவென்று நிற்கின்றன. ஒட்டினது எங்கே என்று ஹாஜியார் கேட்டார். சாலிஹ் ஓடிப்போய் மூலையில் இருந்த தகரப் பெட்டியில் கையை விட்டுத் துழாவினார். நேற்றுக் கழற்றிய துண்டையும் அதற்குள்தான் எறிந்திருந்தார்; ஊரார் முறித்துக் கொண்டுவந்த துண்டுகளும் எத்தனையோ வருடமாக அதற்குள்தான் கிடக்கின்றன. எது வேனில் முறிந்தது என்று அவருக்கே தெரியவில்லை. கைக்கு வந்த ஒன்றை எடுத்து நீட்டினார்.

“போதும் சாலிஹ்,” என்று ஹாஜியார் அவருடைய தோளைத் தட்டினார். “ஏழை டிரைவர் ஒருத்தனக் காப்பாத்த ஒங்கட பேரக் கெடுக்கப் பாக்கீங்க. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு மனிசன்!” பக்கத்தில் நின்றவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒங்கட முகத்துக்காகச் சாவிய இவனுக்கே குடுக்கன். ஆனா இவன் ஆசியத்தும்மாட ஊட்ட போய் மாப்புக் கேக்கணும்.”

“அவன் என்னத்துக்கு மாப்புக் கேக்கிற?” என்று சாலிஹ் கத்தினார். அதற்குள் எல்லாரும் வீதிக்கு இறங்கியிருந்தார்கள். ஆதம்பாவாவும் கூடவே போய்விட்டான்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கராஜில் உட்கார்ந்திருந்தபோது ஆதம்பாவா வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது. வந்த வேகத்தில் சாலிஹின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

“மாப்புக் கேட்டுட்டன் காக்கா. எல்லாரும் இருக்கக்குள்ள, ஊட்டு வாசல்ல நிண்டு கேட்டன். மூத்தவரு மாப்புத் தந்துட்டாரு.” மூக்கை உறிஞ்சினான். “ராவு முழுக்க யோசிச்சுப் பாத்தன். நீங்க வேல செஞ்ச வண்டி கொதிக்கிற எண்டா நான்தான் தண்ணி ஊத்த மறந்திருக்கன். ஊத்தினன் எண்டு எனக்கு ஞாபகம் மாதிரித்தான் இருக்கி. மறந்துதான் இருப்பன்.”

“நீ மறக்கல்லடா. நான் சொன்னது உண்மை. நான்தான்டா முறிச்ச!”

ஆதம்பாவா அவசரமாக எட்டி அவருடைய வாயைப் பொத்தினான்.

“போதும் காக்கா. எனக்காக ஒரு பொய்ய எத்தின தரம் சொல்லுவீங்க?”