தரையை ஒட்டி நின்ற மீன்கள்

அமெரிக்காவில், சான் ரமோனில் என் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு பெரிய பார்க்கிங் லாட் தெரியும். அதற்குப் பின்னால் வெட்டிய குளம், குளத்தில் ரெண்டு வாத்து. இந்த அழகில் உட்கார்ந்துகொண்டு நான் ஆர்க்டிக் கடலில் மீன் எண்ணுகிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. கப்பல் தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். அது மீன் மேல் பட்டுத் திரும்பி வரும். வந்ததைப் படமாக்கி, இங்கே இவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்கிற ப்ரோக்ராமை எழுதும் கும்பலில் நானும் ஒருத்தி. இத்தனைக்கும் நான் சுத்த சைவம், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டேன். பக்கத்து ஊரான ஃப்ரீமான்டில் மளிகை வாங்கப் போகிறபோதெல்லாம் ஒரு ஆன்ட்டி பிடித்துக்கொள்வார். "ஏம்மா, இன்னும் அந்த மீன் வேலைதானா? இதுக்கா இவ்ளோ படிச்சே? நல்ல கம்பெனியா பார்த்து அப்ளை பண்ணக் கூடாதா?" நானும் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பேன்.

ஆன்ட்டியைச் சமாளித்துவிடலாம். என் மகளைத்தான் சமாளிக்க முடியவில்லை.

அவளுக்குப் பதினாலு வயசு. நான் பேசுகிற தமிழ் அத்தனையும் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். இங்கே நான் அதைத் தமிழில் எழுதிக்கொள்கிறேன். சின்ன வயசில் என் மடியில் உட்கார்ந்து, ஸ்கிரீனில் மீன் கூட்டம் வந்தால் கை தட்டியவள். போன வசந்தத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது, ஸ்கூலில் இனிமேல் பயாலஜி எடுக்கப் போவதில்லை என்றாள். ஏன்டி என்றேன். ரசம் சாதத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "என்ன பிரயோஜனம் அம்மா? நான் உன் வயசுக்கு வர்றதுக்குள்ள எல்லாம் செத்துப் போயிருக்கும். நீ யாருக்காக எண்ணிட்டு இருக்கே?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறின கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். பதினாலு வயசுக் குழந்தை இப்படிக் கையை உதறிவிட்டால் மீதி வாழ்க்கையை எதை வைத்து ஓட்டுவாள்? "இருக்குடி. உயிரோட, கூட்டம் கூட்டமா இருக்கு. வீடியோ எடுத்துட்டு வந்து காட்டறேன் பாரு" என்று கத்திவிட்டேன். "ஓகே, காட்டு" என்றாள் அவள், தோளைக் குலுக்கிக்கொண்டே.

"ஆபீஸ்ல உட்கார்ந்து எண்ணறவ, எந்தக் கடல்ல போய் வீடியோ எடுக்கப் போறே?" என்றார் என் கணவர். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கோடையில் வழக்கமாகக் கப்பலில் போகிற பெண்ணுக்குப் பிரசவ நேரம். அவளுக்குப் பதிலாக யார் போகிறீர்கள் என்று மீட்டிங்கில் கேட்டார்கள். என் கை தானாக மேலே போய்விட்டது.

பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குட்டி ரைஸ் குக்கர் சகிதம் அலாஸ்காவுக்குப் பறந்து, அங்கே கப்பலேறி வடக்கே போனோம். கடலைப் பற்றி என்ன சொல்ல! மெரினாவில் காலை நனைத்ததுதான் எனக்குத் தெரிந்த கடல். இதுவோ சூரியன் மறையவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கடல். ஒரு சாயங்காலம் கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு திமிங்கலம் எழும்பி மூச்சு விட்டது. அந்த ஈரம் என் கண்ணாடியில் படிந்தது. அம்மாடி! நான் அதைத் துடைக்காமல் ரொம்ப நேரம் அப்படியே நின்றேன்.

நாங்கள் தேடி வந்தது விரல் நீள மீன். ஆர்க்டிக் காட் என்று பெயர். சீலும் பறவையும் வெள்ளைத் திமிங்கலமும் அதைத் தின்றுதான் அங்கே உயிர் வாழ்கின்றன. உறைகிற குளிரிலும் அதன் ரத்தம் உறையாது. பனிக்கட்டி கட்டாமல் தடுக்கிற ஒரு சரக்கு அதன் ரத்தத்திலேயே ஓடுகிறதாம். இதை முதலில் கேட்டபோது நான் நம்பவே இல்லை. குளிர்தான் அதற்கு வீடு. சூடு ஏறினால் திண்டாடிப்போகும்.

அந்த வருஷம் சூடு ஏறியிருந்தது. பனி மிதக்க வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர். டெக்கில் மாலுமிகள் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தார்கள். ஆய்வுத் தலைவி அறுபதை ஒட்டிய அமெரிக்கப் பெண்மணி. இந்தக் கடலுக்கு வருஷா வருஷம் வருகிறவர். அதிகம் பேசமாட்டார். குறித்து வைத்த ஒவ்வொரு இடத்திலும் கப்பல் நிற்கும், ஒலி போகும், வலை இறங்கும். என் ஸ்கிரீன் மேலிருந்து கீழ் வரை துடைத்துவிட்டது போல நீலமாக இருக்கும், மீன் இல்லை என்று அர்த்தம். வலையில் ஜெல்லிமீன் மட்டும் கொழகொழவென்று வரும். தலைவி அதைப் பார்த்துவிட்டுக் காபி எடுக்கப் போய்விடுவார்.

கப்பலில் இன்டர்நெட் ஆமை வேகம். மெசேஜ் மட்டும் எப்படியோ போகும். தினமும் மகள் கேட்பாள்: "இன்னைக்கு?" நான் "இல்லை" என்று அனுப்புவேன். நான்தான் சொன்னேனே என்று அவள் குதித்திருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். அவளோ, "பரவாயில்லை அம்மா, அது உன் தப்பில்லை" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதைப் படித்ததும் பாத்ரூமில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கடல் தரையில் பட்டுத் திரும்பும் ஒலி ரொம்பப் பலமாக இருக்கும். அதையும் மீன் என்று ப்ரோக்ராம் எண்ணிவிடக் கூடாது. அதனால் தரையையும், அதற்கு மேலே ஆள் உயரத்துக்கு ஒரு பட்டையையும் முதலிலேயே வெட்டி எறிந்துவிடுவோம். எல்லா ஊரிலும் எல்லாரும் செய்வதுதான். மீன்கள் நடுத்தண்ணீரில் பரவி நிற்கிற வரைக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. குக்கர் அடியில் ஒட்டின பருக்கையை விட்டுவிட்டுச் சாதம் பரிமாறுவது மாதிரி.

கடைசி இடங்களில் ஒன்று அது. தண்ணீரின் சூட்டை அளக்கிற கருவியை இறக்கியபோது மேலே வெதுவெதுப்பு, நடுவிலும் வெதுவெதுப்பு. தரையைத் தொடப்போகிற நேரத்தில் சூட்டைக் காட்டுகிற கோடு சடாரென்று குளிருக்குச் சாய்ந்தது. குளிர்காலத்தில் மிச்சமான தண்ணீர், ஒரு மெல்லிய பாய் போல அடியில் கிடந்தது. என் ஸ்கிரீனோ வழக்கம்போல நீலம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சீ, என்ன எழவோ, வெட்டாத படத்தைப் பார்க்கலாம் என்று அந்தப் பட்டையைத் திரும்பப் போட்டேன்.

ஸ்கிரீனில் கடல் தரையைக் காட்டுகிற கோடு எப்போதும் வழவழவென்று இருக்கும். இன்றைக்கு அதன் மேல் முடி முளைத்திருந்தது. கொசகொசவென்று, கோடு நெடுக.

ஓடிப்போய்த் தலைவியைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஸ்கிரீனுக்கு மூக்கு முட்டக் குனிந்தார். வெறும் பாறையாகவும் இருக்கலாம் என்றார். வலையை அவ்வளவு கீழே விட்டால் கிழிந்துவிடும் என்று வலைக்காரர் கையை விரித்துவிட்டார். "அப்ப கேமரா" என்றார் தலைவி.

சிவப்பு விளக்கு கட்டிய கேமராவை வடத்தில் இறக்கினார்கள். நாங்கள் எல்லாரும் ஒரு சின்ன டிவி முன்னால் நெருக்கியடித்து நின்றோம். வெறும் தண்ணீர். இன்னும் வெறும் தண்ணீர். தூசி மாதிரி என்னவோ மிதந்து போனது. "தரை வரப் போகுது" என்று யாரோ சொன்னார்.

தரை வரவில்லை. மீன் வந்தது.

அய்யோ, அய்யோ என்று நான் தமிழில் கத்தினது கப்பல் முழுக்கக் கேட்டதாம். ஆயிரமா, லட்சமா, எனக்குத் தெரியாது. கேமரா திரும்பின பக்கமெல்லாம் மீன். எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி, வாலை லேசாக அசைத்தபடி, அமைதியாக நின்றன. ஒவ்வொரு கண்ணிலும் எங்கள் விளக்கு சின்னதாக எரிந்தது. அப்படியொரு கூட்டத்தை, அப்படியொரு அமைதியை நான் எந்தக் கோயில் திருவிழாவிலும் பார்த்ததில்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்து, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூட இல்லை. தலைவி என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கேமராவை மெதுவாக மேலே தூக்கச் சொன்னார். ஆள் உயரம் வரை மீன். அதற்கு மேலே ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரையை யாரோ அங்கே போட்டிருந்தார்கள். ஒரே ஒரு மீன் கேமராவோடு எழும்பி வந்தது. கூரை வரைக்கும் வந்து, சட்டென்று திரும்பிக் கீழே போய்விட்டது.

வீடியோவில் மீனுக்கு மீன் கட்டம் போட்டு எண்ணுகிற இன்னொரு ப்ரோக்ராமும் எங்களிடம் உண்டு; அதை ஓட்டி, கட்டங்களோடு வீடியோவை மகளுக்கு அனுப்பினேன். அது போய்ச் சேர்வதற்குள் என் உயிர் போய்விட்டது. வரும் வரும் என்று நான் காத்திருந்த 'வாவ்' வரவே இல்லை. ஒரு கேள்விதான் வந்தது. "ஏன் அம்மா யாருமே மேலே போகலை?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். மனசு வரவில்லை. "மேலே சூடு. குளிர் இருக்கிறது அந்தக் கொஞ்சம் இடத்துலதான்" என்று அனுப்பினேன்.

"அதுவும் சூடாயிட்டா?"

"தெரியலைடா கண்ணா" என்று அனுப்பினேன். அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தினமும் வருகிற "இன்னைக்கு?"வும் நின்றுபோனது. ஜெயித்தும் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். இருக்கு இருக்கு என்று கத்தினேனே, அது எவ்வளவு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது என்பதையும் சேர்த்தல்லவா குழந்தைக்குக் காட்டித் தொலைத்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு.

ஏர்போர்ட்டுக்குக் கணவர் மட்டும்தான் வந்திருந்தார். அவள் எங்கே என்றேன். "வீட்ல. வரலைன்னுட்டா" என்றார்.

கதவைத் திறந்தால் ஹாலில் திரைச்சீலை இழுத்து விட்டிருந்தது. டிவி முழுக்க, நிறுத்தி வைத்த வீடியோவில் என் மீன்கள் அசையாமல் நின்றன. அவள் தரையில் முழங்காலிட்டு, ஸ்கிரீனை முட்டிக்கொள்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஹாய் இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை. "ஷ்ஷ், எண்ணிட்டு இருக்கேன்" என்று கையை மட்டும் தூக்கினாள். நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினாள். முகத்தில் அப்படியொரு கோபம்.

"அம்மா, நீ அனுப்பினதுல உன் ப்ரோக்ராம் ஒவ்வொரு மீனுக்கும் கட்டம் போட்டிருக்கு. இதுக்குப் போடலை. இங்கே பாரு, கல்லுக்குப் பின்னாடி. இதை எப்படி நீ விடலாம்?"

குனிந்து பார்த்தேன். கல்லுக்குப் பின்னால் வால் மட்டும் தெரிந்தது. இருந்தது. சத்தியமாக இருந்தது. ஷூவைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "விட்டது தப்புதான்டி, சேர்த்துக்கோ" என்றேன். அவள் ஸ்கிரீனில் அந்த வாலின் மேல் விரலை வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.