மூட்டை தூக்குகிறவனுக்கு ஏன் பெயரில்லை?

போன ஞாயிறு சாயந்திரம் எங்கள் ரெட்டியார்பாளையம் வீட்டு ஹாலில் சினிமா. வாடகை டிவிடி. தொப்பி போட்ட வெள்ளைக்காரர் பாலைவனக் கல்லறைக்குள் புதையல் தேடுகிற பழைய இங்கிலீஷ் படம்.

பார்த்தவர்கள் மூன்று பேர். நான், பாரிசில் தொல்லியல் படிக்கிற என் அக்கா மகள் மதலேன், லீவுக்கு அவளோடு வந்திருக்கும் அவள் சிநேகிதன் ஜூலியேன். அவன் பேக்கரியில் கேக் செய்கிறவன். அசல் வெள்ளைக்காரன் – நம் வெயிலில் இப்போது தக்காளி.

படம் முழுக்க எனக்குக் கோபம். மூட்டை தூக்குகிறவன் எல்லாம் ஏன் நம்ம நிறம்? அவனுக்கு ஒரு பெயர்கூடவா கிடைக்கவில்லை? கதவு திறந்து எலும்புக்கூடு விழுந்தால் துரை அசையாமல் நிற்கிறார். நம்மாள் மூட்டையை வீசிவிட்டு ஓடுகிறான்... ஒருத்தனாவது நின்று பார்க்க மாட்டானா என்று டி.வி.யைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

“பொம்பளைங்களுக்குக் கத்துற வேலை மட்டும்தான். அத கவனிச்சீங்களா மாமா?” என்றாள் மதலேன்.

கவனிக்கவில்லை.

மறுநாள் அரியாங்குப்பம் தாண்டி, ஆற்றோர மேட்டுக்குப் போனோம். ரோமாபுரிக் கப்பல் சரக்கெல்லாம் வந்திறங்கிய இடம். மதலேனின் ஆராய்ச்சியே அதைப் பற்றித்தான். அங்கிருக்கும் பழைய செங்கல் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். அடுத்த நாள் அவளுக்கு ஃபிளைட்.

சுவருக்குப் போகும் வழியில் ஒரு மாந்தோப்பு. அதன் காவல்காரப் பெரியவர் எங்களை ஒரு முறை பார்த்தார். நேரே ஜூலியேனுக்கு ஒரு கும்பிடு. மதலேனிடம், “தொரை மொதல்ல பாத்துட்டு வரட்டும். நீ இப்டி நெழல்ல ஒக்காரும்மா” என்றார்.

தான்தான் பார்க்க வந்திருப்பதாக அவள் சொன்னாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சிரித்துவிட்டு அவர் நடந்தார்.

நான் என்ன செய்தேன்? என் பள்ளிக்கூட பிரெஞ்சில் ஜூலியேனுக்கு ரோமாபுரி வரலாறு சொல்லிக்கொண்டே கூடப் போனேன். அவனும் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெயிலுக்கு மறைப்பாக, கடைசியாக வந்துகொண்டிருந்த மதலேனின் பையைத் தலைமேல் வைத்திருந்தேன்.

சருகு சலசலத்தது. பழுப்பாக, நீளமாக ஏதோ ஒன்று...

அதற்கப்புறம் நடந்ததற்கு என் கால்கள்தான் பொறுப்பு. மூச்சு திரும்பியபோது ரோட்டில் இருந்தேன். பக்கத்தில் ஜூலியேன். எங்களுக்குப் பின்னால் காவல்காரர்!

மதலேன்?

மூன்று வீரர்களும் பூனை நடை நடந்து திரும்பிப் போனோம். அவள் சுவர் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு செங்கல்லின் விளிம்பை விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தாள். நிழலில் உட்காரச் சொல்ல ஆள் இல்லாததால், வந்த வேலை நன்றாகவே நடந்துகொண்டிருந்தது.

“கீரிப்பிள்ளை மாமா. உங்க சத்தத்துக்கு அது அந்தாண்ட ஓடிடுச்சு.”

திரும்பி வரும்போது காரில் மெதுவாகக் கேட்டாள்:

“பயந்தது சரி மாமா. ஆனா ஓடும்போது ‘முசியே, வாங்க வாங்க’ன்னு அவனத்தான கூப்புட்டீங்க... என்ன கூப்புடவே இல்லயே?”

வீட்டுப் பக்கம் திரும்பாமல் லாஸ்பேட்டை வரை சுற்றி வண்டியை ஓட்டினேன். அந்தப் படத்தை எடுத்தவன் எவனோ வெள்ளைக்காரன் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் என் தரப்பில் ஒன்று சொல்லிக்கொள்ள வேண்டும் – நான் மூட்டையைக் கீழே போடவில்லை.