கண்டக்டர் அத்தையும் அம்மாவும் கடந்த கணவாய்

அப்பாவின் தங்கை பஸ் கண்டக்டர். அத்தை பின்படியில் நின்று பேசினால் டிரைவர் காதில் கணீரென்று விழும். என் அம்மா பிரசவ வார்டு நர்ஸ். குழந்தை விழித்துவிடுமோ என்பதுபோலத்தான் வீட்டிலும் பேசுவாள். இரண்டு பேருக்கும் ஆகாது. ஒரே சமையலறையில் நின்றால் பாத்திரங்கள் மட்டும்தான் பேசும்.

பனிமலைக் கணவாய்களைத் தாண்டி நடக்கும் குழு ஒன்றில் அந்தக் கோடைக்கு அப்பா தனக்கும் அம்மாவுக்கும் இடம் பிடித்திருந்தார். கிளம்பும் வாரத்தில் பரணிலிருந்து பையை எடுக்கப்போய், ஸ்டூல் சாய்ந்து காலை உடைத்துக்கொண்டார்.

"இடம் எதுக்கு வீணாப் போகணும்? நான் போறேன்" என்றாள் அத்தை.

அம்மா அப்பாவை முறைத்தாள். "உங்களுக்குக் காலை உடைச்சுக்க வேற நேரம் கிடைக்கலையா?"

மலையில் அத்தை முன்னால், அம்மா கடைசியில். இரவில் ஒரே கூடாரத்தில் ஆளுக்கொரு பக்கம் முதுகு காட்டிப் படுத்தார்கள். உயரமான கணவாய்க்குச் சற்றுக் கீழே, உறைபனிச் சரிவில் அம்மாவுக்குக் கால் எழவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அத்தை திரும்பி இறங்கி வந்தாள்.

"கீழ பாக்காதீங்க அண்ணி. என் முதுகைப் பாருங்க."

"நாலு நாளா அதைத்தானே பாத்துட்டு இருக்கேன்!"

அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. பழக்கதோஷத்தில், "முன்னாடி போங்க, வழியில நிக்காதீங்க!" என்று கத்தினாள். குழுவே சிரித்தது. அத்தையின் பைப்பட்டையைப் பிடித்துக்கொண்டு அம்மா அடிமேல் அடி வைத்து ஏறினாள்.

உச்சியில் எல்லோரும் படம் எடுத்தபோது அத்தை மட்டும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். உதடு நீலம் பூத்திருந்தது. பேச்சு குழறியது. கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்றார் வழிகாட்டி.

"ஓய்வெல்லாம் கீழ போய். இந்த உயரத்துக் காத்து இவளுக்குப் பத்தலை, இப்பவே இறங்கணும்" என்றாள் அம்மா. அப்படியொரு குரல் அவளிடம் இருந்தது யாருக்கும் தெரியாது. அத்தையின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, மறுபக்கப் புல்வெளிவரை இறக்கிவிட்டாள்.

அங்கே மூச்சு சீரானதும் அத்தை மெல்லச் சொன்னாள்: "சின்ன வயசுல அண்ணன் என்னைத்தான் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருப்பான். உங்களைக் கூட்டிட்டுப் போறான்னதும் வயிறெரிஞ்சுது அண்ணி."

"அட பைத்தியமே! எனக்கு மலைன்னாலே பயம். அவர் ஆசைப்பட்டாரேன்னு தலையாட்டினேன். முதல்லயே கேட்டிருந்தா உன்னையே அனுப்பியிருப்பேனே."

ஆனாலும் அடுத்த கோடையில் இருவரும் கிளம்பினார்கள். அதற்கடுத்த கோடையிலும். கால் கூடிய அப்பா, "நானும் வரட்டுமா?" என்று கேட்டால், "கூடாரத்துல ரெண்டு பேருக்குத்தான் இடம்" என்று இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

இப்போது இருவருக்கும் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. அத்தை தன் மகளோடு வேறு ஊரில் இருக்கிறாள். சாயங்காலம் போன் வந்தால் அம்மா நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வாள். ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடந்த ஓர் ஓடையைப் பற்றி அவர்கள் பேசி எனக்கு அலுத்துவிட்டது, அவர்களுக்கு அலுக்கவில்லை. பல் கிட்டும் குளிராம். எந்தக் கரையில் உட்கார்ந்து வெயில் காய்ந்தார்கள் என்பதில் மட்டும் இன்னும் சண்டை.